மூக்கு லாரிக்கு ஒரே ஒரு வேலை பாக்கி

'வேதகிரி, த/பெ சடையப்பன், வயது 58, திருப்புலிவனம். தொழில்: சரக்குப் போக்குவரத்து.'

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் இப்படித்தான் எழுதியிருக்கிறது. இதைப் படிக்கும் வெளியூர்க்காரர் என்ன நினைப்பார்? காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் ராவும் பகலும் மூட்டைகள் பறக்கின்றன, வேதகிரி ஒரு காதில் போனும் மறு காதில் பென்சிலுமாக மூச்சு விட நேரமில்லாமல் நிற்கிறார் என்றுதானே? பதினேழு வருடமாக அவரிடம் ஒரு லாரி இருப்பது உண்மை. அது சரக்கு வாகனம் என்பதும் உண்மை. இந்தச் சித்திரை வரை அதில் ஏறிய சரக்கு, மழைக்கு ஒதுங்கிய இரண்டு ஆடுகள் மட்டுமே என்பதும் உண்மை.

பழுது பார்ப்பவர்கள் உலகத்தில் இரண்டு வகை. பழுதானதைப் பார்ப்பவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வேலையை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். பழுதாகும் வரை பார்ப்பவர்கள் இன்னொரு வகை. நான் சொல்ல வந்தது இவர்களைப் பற்றி. உங்கள் தெருவிலும் கட்டாயம் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இருப்பது ரேடியோவாக இருக்கலாம், தண்ணீர் மோட்டாராக இருக்கலாம், மாமனார் கொடுத்த ஸ்கூட்டராக இருக்கலாம். எங்கள் ஊருக்கு வாய்த்தவரிடம் இருப்பது லாரி என்பதால் சற்றுத் தூரத்திலிருந்தே தெரிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அது அறுபதுகளில் பிறந்த லாரி. இந்தக் காலத்து லாரிகளுக்கு முகம் சப்பை. இதற்கோ எஞ்சின் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் ஊரில் அதற்கு மூக்கு லாரி என்று பெயர். உத்திரமேரூரில் மூடிப்போன ஓர் அரிசி ஆலையின் பின்புறம் கிடந்ததை வேதகிரி வாங்கினார். வாங்கிய அன்று அது ஓடவில்லை. பக்கத்துத் தெரு ஜான்தான் தன் டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்துவந்தார். "இன்னிக்கி ஒரு நாளுதான் ஒனக்கு இந்த அவமானம்" என்று வேதகிரி லாரியின் மூக்கைத் தடவிச் சொன்னாராம். ஜான் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இந்த வகையாரை அடையாளம் காண ஒரு வாக்கியம் போதும். "ஒரே ஒரு வேலதான் பாக்கி கீது." முதல் வருடம் அந்த ஒரே வேலை ரேடியேட்டரில் இருந்தது, ரேடியேட்டரைச் சரிசெய்யும்போது பம்பு கண்ணில் பட்டது, பம்பைக் கழற்றப் போய் அதன் பின்னாலிருந்த பெல்ட் பிடிக்கவில்லை, பெல்ட்டுக்கு இடம் பண்ண டைனமோவை இறக்கினார், இறக்கிய இடத்தில் துரு தெரிந்தது, துருவைச் சுரண்டப் போய் வண்டி முழுக்கப் பெயின்ட் அடித்தார், பெயின்ட் காய்வதற்குள் ரேடியேட்டர் மறுபடி ஒழுக ஆரம்பித்தது. ஒரே ஒரு வேலை. கழற்றுவதில் அவர் வேகம் அபாரம். ஒரு பகல் போதும். மாட்டுவதற்குத்தான் வருடங்கள்.

மாட்டி முடித்த பிறகு ஒவ்வொரு தடவையும் நாலைந்து போல்ட்டு மிஞ்சும். நீங்களும் நானும் என்றால் பதறிப்போவோம். அவருக்கு அது மகிழ்ச்சி. "கம்பெனிக்காரன் பயந்தவன். தேவைக்கு மேல வச்சிப் பூட்டிருப்பான்" என்பார். அந்த உபரிகளைப் போட்டுவைக்க அவர் தேர்ந்தெடுத்த பாத்திரம் இட்லித் தட்டு. குழிக்கு ஓர் அளவு: எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு. அந்த வீட்டில் இப்போது ஆவிக்கு மூன்று தட்டுகளும் லாரிக்கு இரண்டு தட்டுகளும். ஒருநாள் அவர் மனைவி வளர்மதி இட்லிகளைப் பெயர்த்தபோது ஒன்று மட்டும் கனமாக இருந்தது. அதிலிருந்து வந்த வாஷரைத் தேடித்தான் மூன்று நாளாக நாஷ்டா கூடச் சாப்பிடாமல் அலைந்துகொண்டிருந்ததாக வேதகிரி மனைவிக்கு நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வருபவர் யாரானாலும் முதலில் லாரியைச் சுற்றி வர வேண்டும். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தாலும் சரி, கரண்டு அளவெடுக்க வந்தாலும் சரி. சுற்றிய பிறகு மூக்கின் மேல் காதை வைத்துக் கேட்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது எதைக் கேட்பது? நான் ஒருமுறை கேட்டேவிட்டேன். "ஓடறப்போ எவன் வேணா கேப்பான்" என்றார். நான் காதை வைத்தேன். ஒரு பல்லி ஓடியது.

சாலையில் போகும் மற்ற வண்டிகளுக்கெல்லாம் அவர் ஆயுள் சொல்வார். காலை எட்டரை மணி காஞ்சிபுரம் பஸ் வளைவில் திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டு, "கிளட்ச்சி இன்னும் ஒரு வாரம்" என்பார். அந்த பஸ் பதினோரு வருடமாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது. அவருடைய லாரி பதினோரு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆயுத பூஜையன்று மட்டும் அவர் தொழிலதிபர். லாரிக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம். எஞ்சின் உயிரோடு இருக்கும் வருடங்களில் லாரி தானே உருண்டு பழங்களை நசுக்கும். இல்லாத வருடங்களில் நாங்கள் எட்டுப் பேர் தள்ளி நசுக்குவோம். பிறகு பழைய இடத்துக்கே தள்ளிவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு கலைவோம். வண்டி பார்த்த தூரத்தை மற்றவர்கள் மைலில் சொல்வார்கள். வேதகிரி எலுமிச்சம்பழத்தில் சொல்லலாம்.

கடற்கரைச் சாலையில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் லாரியை வாங்கி வாசலில் நிறுத்த ஆசைப்பட்டு இரண்டு முறை வந்தார். முதல் முறை வண்டி ஓடவில்லை. "ஓடாத வண்டிய ஒருத்தன் தலையில கட்டலாமா? பாவம்" என்று வேதகிரி அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை வந்தபோது அதிசயமாக எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "ஓடற வண்டிய எவனாவது விப்பானா?" என்று அனுப்பிவிட்டார். நியாயத்தில் குறை சொல்ல முடியுமா?

இந்தச் சித்திரையில் நடந்ததற்கு வருகிறேன்.

ஏரிக்குக் கீழே வளர்மதியின் பெயரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. நட்டது, களை எடுக்க ஆள் தேடியது, அறுவடை மெஷினுக்கு வரிசையில் நின்றது எல்லாம் வளர்மதிதான். நவரைப் பட்டத்து நெல் முப்பத்திரண்டு மூட்டை, களத்தில் காய்ந்து, வீட்டு வாசலுக்கு வந்து அடுக்கியாகிவிட்டது. உத்திரமேரூர் கொள்முதல் நிலையத்தில் வியாழக்கிழமைக்கு டோக்கன். அதை விட்டால் அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. வானமோ மூன்று நாளாக மேற்கே கறுத்துக் கறுத்துக் கலைந்துகொண்டிருந்தது. நெல் ஒருமுறை நனைந்தால் ஈரம் பார்க்கும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். மூட்டையைத் திருப்பி எடுத்துவர வேண்டியதுதான். வளர்மதி முன்னெச்சரிக்கையாக ஒரு வாடகை வண்டிக்குச் சொல்லிவைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூக்கு லாரி புறப்பட்டது. எலுமிச்சம்பழம் நசுக்க அல்ல, நிஜமாகவே புறப்பட்டது. வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கோயில் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. நாங்கள் எல்லாரும் வேலியோரம் நின்று வாயைப் பிளந்தோம். வேதகிரி அதன் ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இறங்கி, "வாடக வண்டி எதுக்கு? வேணான்னு சொல்லிடு. நம்ம நெல்லு நம்ம லாரியிலதான் போவும்" என்றார். பதினேழு வருடத்தில் முதல் முறையாக வளர்மதி அவரை நம்பினார். போன் பண்ணி வேண்டாமென்றும் சொன்னார். அந்த வண்டி அடுத்த நிமிடமே வேறொருவருக்குப் போய்விட்டது. அறுவடைக் காலமல்லவா?

வியாழக்கிழமை காலை வளர்மதி டோக்கனும் கையுமாக வாசலுக்கு வந்தார். லாரியின் மூக்கு திறந்திருந்தது. உள்ளே வெறும் பள்ளம்.

"இன்னாயா இது? வண்டி கீது. எஞ்சினு எங்க?"

"மரத்துல கீது."

மூட்டை ஏற்ற வந்திருந்த நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம். வேப்பமரக் கிளையில் சங்கிலிக் கப்பியில் எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே பழைய கல்யாண பேனர் ஒன்றை விரித்து, மணமக்களின் முகத்தின் மேல் உதிரிகளைப் பரப்பியிருந்தார். ஓரத்தில் இரண்டு இட்லித் தட்டுகள்.

"முந்தா நேத்து நல்லாத்தானே ஓடினு இருந்திச்சி?"

"ஓடினுதான் இருந்திச்சி. ஆனா உள்ள ஒரு சவுண்டு. டிக்கு, டிக்கு, டிக்குனு. அதோட லோடு ஏத்த மனசு வர்ல."

"ஓடற வண்டியப் பிரிச்சிட்டியா?"

"ஓடாத வண்டியில சவுண்டு எப்பிடிக் கேக்கும் வளரு?"

வளர்மதி மேற்கே பார்த்தார். பிறகு ஜானுக்குப் போன் போட்டார். ஜான் டிராக்டரோடு வந்தார். ஆனால் பின்னால் டிரெய்லர் இல்லை. அச்சு முறிந்து பட்டறையில் கிடக்கிறதாம்.

"நானு இன்னாக்கா பண்றது? டிராக்டரு மேலயா மூட்டைய அடுக்க முடியும்? ஒண்ணு வேணா பண்ணலாம்" என்று லாரியைக் காட்டிச் சிரித்தார். "அண்ணனோட லாரிய டிரெய்லரா கட்டலாம்."

அவர் கேலிக்குத்தான் சொன்னார்.

"கட்டு" என்றார் வளர்மதி.

வேதகிரிக்கு முகம் கறுத்துவிட்டது. "லாரிய டிராக்டரு இழுக்கறதா? ரோட்டுல நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

"எஞ்சின மரத்துல மாட்டனவன்னு இப்பவே சொல்லினுதான் கீறாங்க. பிரேக்கு பிடிக்குதா, அத்த சொல்லு."

"பிரேக்கு புதுசு" என்றார் அவர், கொஞ்சம் பெருமையோடு.

"அப்ப ஏறு."

மூட்டைகளை ஏற்றினோம். ஜான் சங்கிலியை மாட்டினார். வேதகிரி உள்ளே போய் ஒரு நிமிடம் கழித்துக் காக்கிச் சட்டையோடு வந்தார். பதினேழு வருடமாக இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டை. வயிற்றில் பட்டன் எட்டவில்லை. கேபினில் ஏறி, சாவியை அதன் துவாரத்தில் செருகித் திருப்பினார். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். பின்னால் மூட்டைகள் மேல் வளர்மதி.

லாரி போனது. எஞ்சின் வீட்டில் இருந்தது. எதிரே வந்த எட்டரை மணி பஸ்ஸின் டிரைவர் எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினார். வேதகிரி ரப்பர் ஹாரனை இருமுறை அமுக்கி மரியாதையை ஏற்றுக்கொண்டார். வளைவுகளில் கையை வெளியே நீட்டி முறைப்படி சைகை காட்டினார்.

பாதி தூரத்தில் அந்தச் சத்தம் வந்தது. டிக்கு. டிக்கு. டிக்கு.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எஞ்சின் வேப்பமரத்தில் இருக்கிறது. சத்தம் இங்கே இருக்கிறது. வேதகிரி மெதுவாகக் குனிந்தார். சாவிக் கொத்தில் ஒரு பித்தளை வேல் தொங்கியது. வண்டி குலுங்கும் போதெல்லாம் அது தகரத்தில் மோதிக்கொண்டிருந்தது. அவர் அதை இரண்டு விரலால் பிடித்தார். சத்தம் நின்றது. விட்டார். டிக்கு. மறுபடி பிடித்துக்கொண்டார். உத்திரமேரூர் வரைக்கும் அவர் அந்தக் கையை எடுக்கவில்லை.

கொள்முதல் நிலையத்தின் கொட்டகைக்குள் கடைசி மூட்டை இறங்கவும் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் பார்த்தவர் தலையாட்டினார். வளர்மதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லாரியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "எஞ்சின வூட்லயே உட்டுட்டு வந்தா நல்லாத்தான் ஓடுது" என்றார்.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் போன மாதம் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியில் ஏதோ முனகல் கேட்கிறதென்று ஸ்டூல் போட்டு ஏறியது யார்? ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த போனை இன்னும் வேகமாக்குகிறேன் என்று கிளம்பி, எல்லாருடைய நம்பரையும் தொலைத்தது யார்? உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். எதிலிருந்து விழுந்தது என்று தெரியாத, தூக்கிப் போடவும் மனம் வராத ஒரு திருகாணி அங்கே கிடக்குமானால், வேதகிரியைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் அடக்கமாகப் பேசுங்கள். அவராவது முப்பத்திரண்டு மூட்டை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்.

பதிவேட்டில் இருப்பது இருக்கட்டும். அன்று அவர் செய்தது இதுதான்: எஞ்சின் இல்லாத லாரியில் ஏறி உட்கார்ந்தார், ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் சாவிக் கொத்தையும் பிடித்துக்கொண்டு உத்திரமேரூர் வந்து சேர்ந்தார், நெல்லை நனையாமல் இறக்கினார், பிறகு யாரும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று கதவைப் பூட்டினார்.