தவிட்டு எண்ணெய் வீடு தேடி வந்த கதை

ஒரு வார்த்தையைத் தினமும் சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கியவர்களுக்கு, அதற்கு வேறு அர்த்தமும் இருக்கலாம் என்ற சந்தேகமே வராது. என் மானத்தை வாங்கிய வார்த்தை 'டொமஸ்டிக்'.

அப்போது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கேஸ் ஏஜென்சியில் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே உலகம் இரண்டே வகை. ஓட்டல், டீக்கடை என்றால் கமர்ஷியல். வீடு என்றால் டொமஸ்டிக். "டொமஸ்டிக் சப்ளை இன்னைக்கு வராதுங்க" என்று நான் சொன்னால் சேலையூர் முழுக்க என்னைத் திட்டும். ஆக, டொமஸ்டிக் சப்ளை என்றால் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பது. (இதில் யாருக்காவது சந்தேகம் உண்டா? எனக்கு இருக்கவில்லை.)

அந்தத் திட்டு தாங்காமல் குரோம்பேட்டையில் ஒரு தவிட்டு எண்ணெய் கம்பெனிக்கு மாறினேன். நெல் அரைக்கும்போது மிஞ்சும் தவிட்டிலிருந்து சமையல் எண்ணெய் எடுப்பவர்கள். ஆலை ஆரணிப் பக்கம், ஆபீஸ் ஜி.எஸ்.டி. ரோட்டில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே. ஏ.சி. உண்டு. சத்தம் மட்டும் போடும். என் பதவியின் பெயர் 'மார்க்கெட் அனலிஸ்ட்'. அப்பா அதை சர்ச்சில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

எங்கள் மேனேஜர் சுந்தரம் சார் எப்போதும் ஒரு காதில் போனோடுதான் இருப்பார். மறு காதும் நமக்குக் கிடைக்காது. ஒரு நாள் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"கிரேஸ், வெள்ளிக்கிழமை முதலாளி வர்றாரு. ரைஸ் பிரான் ஆயில், டொமஸ்டிக் சப்ளை, எந்தெந்த நாட்டுல எப்படி இருக்குன்னு ஸ்லைடு போட்டு வெச்சிரு. சரியா?"

"சரி சார்."

அவர் மறுபடி போனுக்குள் போய்விட்டார்.

இன்டர்நெட்டில் தேடினேன். நாடு வாரியாக டன் கணக்கில் அட்டவணைகள் வந்து விழுந்தன. 'இதையா கேட்டார்? வீட்டுக்கு எப்படி வருகிறது என்று ஒருத்தராவது எழுதியிருக்கிறார்களா பார்!' என்று எரிச்சலோடு எல்லாவற்றையும் மூடினேன். (ஆமாம், விடையைப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.) பிறகு எங்கள் உறவுக்காரர்களையும் தெரிந்தவர்களையும் எழுப்பினேன்.

ஜப்பானில் இருக்கும் பெரியம்மா மகள் ஷீலா அக்கா உடனே போன் செய்தாள்.

"இங்க எல்லாமே வீட்டுக்கு வரும்டி. பெல் அடிச்சு, குனிஞ்சு வணக்கம் வெச்சுட்டுத்தான் குடுப்பான். ஏன், நீ எண்ணெய் அனுப்பப் போறியா?"

டாக்காவில் துணி கம்பெனியில் இருக்கும் வின்சென்ட் அண்ணன், அப்பாவிடம் படித்தவர். வாத்தியார் வீட்டிலிருந்து கேட்கிறார்கள் என்றதும் போட்டோவே எடுத்து அனுப்பிவிட்டார். மூன்றாவது மாடிப் பெண்மணி கயிற்றில் கூடையை இறக்க, கீழே கடைக்காரர் எண்ணெய் பாட்டிலை வைக்கிறார்.

பாங்காக்கில் இருக்கும் மெர்சி அத்தை ஒருபடி மேலே போய் சூப்பர் மார்க்கெட்டுக்கே போய்விட்டார். "வீட்டுக்குக் கொண்டு வருவீங்களான்னு கேட்டேன் கிரேஸ். என் இங்கிலீஷ் அவனுக்குப் புரியல. சைகையில கேட்டேன். டாய்லெட் இருக்கிற பக்கம் கையக் காட்டிட்டான்."

அப்பாவுக்கு இதில் என்னைவிட ஆர்வம். "வியட்நாமை விட்டுட்டியேம்மா. அங்கயும் அரிசிதானே?" வியட்நாமில் எங்களுக்கு யாரும் இல்லை. 'விவரம் வந்துகொண்டிருக்கிறது' என்று ஒரு ஸ்லைடு போட்டேன்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை நெரிசலில் மாட்டிக்கொண்டு, முதலாளி வந்து சேரும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது. கூடவே ஆரணியிலிருந்து பங்குதாரர் சரோஜாம்மா. சொந்தமாக அரிசி ஆலை வைத்திருப்பவர்.

"எந்த நாட்டுல எண்ணெய் பத்தலையோ அங்க நாம அனுப்பலாம்னு ஒரு யோசனை. பாப்பா சொல்லட்டும்" என்றார் முதலாளி.

அந்த ஒரு வாக்கியத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம். வரவில்லை.

"ஜப்பான்ல டொமஸ்டிக் சப்ளை ரொம்ப நல்லா இருக்கு சார். பெல் அடிச்சு, குனிஞ்சு கும்பிட்டுட்டுக் குடுக்கறாங்க."

அதை முன்னுரை என்று நினைத்த சுந்தரம் சார் லேசாகச் சிரித்து, "நம்பர் அடுத்து வரும் சார்" என்றார். அடுத்து சுவரில் வந்தது கூடை.

"இது என்னம்மா?" என்றார் முதலாளி.

"பங்களாதேஷ் சார். மூணாவது மாடிக்கு இப்படித்தான் சப்ளை."

சரோஜாம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "கயிறு அறுந்துச்சுன்னா நஷ்டம் யாருது?"

"கேட்டுச் சொல்றேம்மா" என்று குறித்துக்கொண்டேன்.

சுந்தரம் சார் முதல் தடவையாக போனைக் கீழே வைத்தார். "கிரேஸ், உற்பத்தி எங்க?"

"ஆலையில சார்."

"ஐயோ! ஒரு நாட்டோட உற்பத்தி. அதோட இறக்குமதியைக் கூட்டு. ஏற்றுமதியைக் கழி. உள்நாட்டுல எவ்வளவு எண்ணெய் இருக்குன்னு தெரியும். அதுதாம்மா டொமஸ்டிக் சப்ளை!"

அப்போதாவது வாயை மூடியிருக்க வேண்டும். "கேஸ்ல டொமஸ்டிக்னா வீடுதானே சார்?" என்றேன்.

"நாம கேஸ் விக்கலம்மா" என்றார் முதலாளி, மிகவும் சோர்ந்துபோய்.

அதோடும் விடவில்லை என் தலையெழுத்து. லேப்டாப்பில் வாட்ஸாப்பை மூட மறந்திருந்தேன். சுவரில், கூடைக்குப் பக்கத்தில், மெர்சி அத்தையின் செய்தி பெரிதாக வந்து நின்றது: 'இன்னொரு கடையில் கேட்டேன். வீட்டுக்குத் தருவார்களாம். வயசானவர்களுக்கு மட்டும். என் வயசைக் கேட்காமலே எனக்குத் தருகிறேன் என்றுவிட்டான், ராஸ்கல்.' அதன் கீழேயே அப்பா: 'வியட்நாம் கேட்டார்களா?'

சரோஜாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். படிக்கட்டில் அவர் சிரித்த சிரிப்பு செருப்புக் கடைவரை கேட்டிருக்கும்.

பாத்ரூமில் போய் அழுதேன். வேலை போய்விட்டது என்றே முடிவு செய்து, கேஸ் ஏஜென்சியில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்றுகூட யோசித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளியின் குரல் உயர்ந்தது. பிறகு சுந்தரம் சார் சொன்னது கேட்டது: "தப்பு என்னுது சார். போன்ல பேசிக்கிட்டே சொன்னேன். அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சுதான்னு நான் பாக்கல."

அதற்கும் சேர்த்து அழுதேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவரே என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எரிச்சலோடு மூடிய அதே அட்டவணைகளைத் திறந்து, கூட்டவும் கழிக்கவும் வைத்தார். சர்ச்சுக்குப் போக முடியவில்லை. (அதுவும் நல்லதுதான். அங்கே யாராவது 'அனலிஸ்ட் எப்படிம்மா இருக்கே?' என்று கேட்டிருப்பார்கள்.) வேலை போகவில்லை. ஆனால் நிரந்தரமாவது வெகுவாகத் தள்ளிப்போனது. அதன் பிறகு சுந்தரம் சார் எந்த வேலை கொடுத்தாலும், "என்ன புரிஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போ" என்பார். ஸ்டேப்ளர் எடுத்து வரச் சொன்னாலும் இதே கதைதான்.

குடும்பம் இன்னும் மோசம். சொந்தத்தில் யார் வெளிநாடு போனாலும் இறங்கிய கையோடு எண்ணெய் அலமாரி முன்னால் நின்று போட்டோ அனுப்புகிறார்கள். திட்டிப் பார்த்தேன், வாட்ஸாப் குரூப்பை விட்டு வெளியேறியும் பார்த்தேன். அப்பா திரும்பச் சேர்த்துவிட்டார்.

போன வருடம் எனக்குக் குழந்தை பிறந்தது. மயக்கம் தெளிந்து போனைப் பார்க்கிறேன். குரூப்பில் அப்பா எழுதியிருந்தார்: 'தாயும் சேயும் நலம். உற்பத்தி: ஒரு பெண் குழந்தை. இறக்குமதி இல்லை. ஏற்றுமதி செய்யும் உத்தேசமும் இல்லை.'

அதற்கு முதல் பதில் பாங்காக்கிலிருந்து, மெர்சி அத்தை: 'கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! டெலிவரி ஆஸ்பத்திரியிலயா, இல்ல வீட்டுக்கே கொண்டு வந்து குடுத்தாங்களா?'