சுகாதார ஆய்வாளர் வீட்டில் ஈ

சேசு, மரி, சூசை துணை

புதுச்சேரி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மச்சான் விக்டருக்கு,

உன் அக்கா புருஷன் அருளானந்தம் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அக்கா ஆனந்தமேரியும் இங்கே சுகம். காரைக்காலில் நீயும் தங்கச்சியும் குழந்தை ஆஷ்லினும் நலமென்றே நம்புகிறேன். அப்படி இல்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் உன் அக்காவுக்கு எந்த அறையில் இருந்தாலும் கேட்டுவிடுகிறது. வாட்ஸப்பில் எழுதினால் நீ படிப்பதற்கு முன் அவள் படித்துவிடுகிறாள். விஷயம் இதுதான்: நம் பெண் மெரினுக்கு நீ பேசிக் கொண்டுவந்த சம்பந்தம் ஈயால் கெட்டுவிடும் போலிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நிச்சயம் பண்ண வருவதை நீ எப்படியாவது தள்ளிப்போட வேண்டும். என்ன பொய் சொல்வாயோ, அது உன் சாமர்த்தியம்.

அவர்கள் பெண் பார்க்க வந்தபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் சொல்கிறேன். மாப்பிள்ளையின் அப்பா ரொபேர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்குகிறவர் என்றாலும் பழகுவதற்கு நம்ம ஆள்தான். எனக்குப் பயமெல்லாம் அந்த அம்மா ஏவ்லினிடம். கொடுத்த டம்ளரைக் கைப்பையிலிருந்து காகிதம் எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் குடித்தார்கள், சிரிக்கவே இல்லை. ஆனால் பையன் ஃபிலிப்பும் மெரினும் அன்றிலிருந்து போனை வைப்பதில்லை. சென்னையிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் பிள்ளை தனக்குத்தானே சிரித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். அந்த முகம் வாடினால் என்னால் தாங்க முடியாது விக்டர். கிளம்பும்போது ரொபேர் ஒரு பையைக் கொடுத்து, "லூர்துக்குப் போயிருந்தோம், வரும்போது எடுத்தாந்தது" என்றார். உள்ளே மாதா உருவத்தில் ஒரு பாட்டில் தீர்த்தம், கூடவே வட்டமான சின்ன மரப்பெட்டி. மூடியில் பிரெஞ்சு எழுத்து, எனக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ழூரோடு சரி. நடுவில் ஒரு மொட்டைத்தலைத் துறவியின் படம். உன் அக்கா பார்த்ததும் அந்தோணியார் என்று கண்ணில் ஒத்திக்கொண்டாள். கையில் குழந்தை இயேசு இல்லையே என்றேன். "ஒங்களுக்கு எல்லாத்துலயும் கேள்வி" என்றாள். உள்ளே புனிதரின் எலும்புத் துணுக்கோ அங்கியின் நூலோ இருக்கும், திறக்கக் கூடாது என்று சொல்லி மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டாள். எதிர்வீட்டுச் சின்னப்பாப்பாவை உனக்குத் தெரியுமே, அந்த அம்மாகூட நெற்றியில் குங்குமத்தோடு தினமும் சாயங்காலம் வந்து, அந்தப் பெட்டியை முட்டியில் வைத்து அழுத்திவிட்டுப் போகிறார்கள். வலி பாதி குறைந்திருக்கிறதாம்.

அதற்கப்புறம்தான் இந்த ஈ. முதலில் வாழைத்தாரைச் சுற்றிப் பொடி ஈ வந்தது. நான் நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் அல்லவா, பார்த்ததும் பழ ஈ என்று சொல்லிவிட்டேன். தாரைத் தெருவுக்கே பங்குபோட்டுக் கொடுத்துவிட்டு, கிறிஸ்துமசுக்கு வாங்கி மிஞ்சிய ஒயினை டம்ளரில் ஊற்றி வைத்தேன். எல்லாம் சந்தோஷமாக விழுந்து செத்தன. பிறகு குளியலறைச் சுவரில் மயிர் முளைத்த மாதிரி சின்னச் சின்னதாகச் சாக்கடை ஈ. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன், ஈ போனது, கூடவே பிளாஸ்டிக் குழாயும் நெளிந்துபோனது. அதைச் சரிசெய்ய வந்த காத்தவராயன் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். இத்தோடு முடிந்தது என்று நிம்மதியாக உட்கார்ந்தபோது பச்சை ஈ வந்தது. கண்ணாடி வளையல் மாதிரி மின்னும், பெரிசு, ரீங்காரத்தோடு சுற்றும். இந்த ஈ வந்தால் வீட்டுக்குள் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். இதைச் சொல்லித்தான் ஊரில் எத்தனை பேரை மிரட்டியிருக்கிறேன். ஆகவே செத்த எலியைத் தேடினேன். பரணைக் காலி செய்தேன், பீரோவை நகர்த்தினேன், பிரிட்ஜை நகர்த்தியதில் அதன் கால் ஒன்று உடைந்து இப்போது அது வேளாங்கண்ணிக் காலண்டர்களின்மேல் நிற்கிறது. எலி கிடைக்கவில்லை. உன் அக்கா தொலைத்த கம்மல் கிடைத்தது. அதனால் அவளுக்கு ஈயின்மேல் கோபமே இல்லை. எனக்கோ கொரோனா வந்துபோனதிலிருந்து மூக்கு வேலை செய்வதில்லை, மோந்தும் பார்க்க முடியாது. ஏதோ வாடை வருகிறது என்று அவள் சாம்பிராணி போட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மார்க்கெட்டில் மீன் விற்கும் பக்கிரியிடம் யோசனை கேட்டது என் புத்திகெட்ட வேலை. "இன்னா சார், எங்க கடைல ஈ மொய்க்குதுன்னு அந்தச் சத்தம் போடுவீங்க, இப்ப சார் வூட்லயேவா?" என்று மார்க்கெட்டுக்கே கேட்கும்படி சிரித்தான். அப்புறம் மனது இளகி, பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி வாசலில் கட்டச் சொன்னான். கட்டினேன். தபால்காரர் முட்டிக்கொண்டு நனைந்தார். ஈக்கள் வேறெங்கும் போகாமல் மாதா சுரூபத்தைச் சுற்றியே நிற்கின்றன. பூவுக்காக வருகின்றன என்று பூவை எடுத்தேன், போகவில்லை. "அதுங்களும் ஜெபத்துக்குத்தான் வருது, வுடுங்க" என்கிறாள் உன் அக்கா. ஏவ்லின் அம்மா வந்து உட்கார்ந்து, டம்ளரில் ஒரு பச்சை ஈ இறங்கினால் என் மகள் கதி என்ன? சுகாதார ஆய்வாளர் வீட்டுச் சுத்தம் இதுதானா என்று கேட்டால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? ஆகையால் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போடு. எனக்கு வைசூரி என்றுகூடச் சொல், பரவாயில்லை.

தங்கச்சிக்கு என் அன்பு, ஆஷ்லினுக்கு முத்தம். மாதா உங்கள் வீட்டை எல்லா நோய்நொடியிலிருந்தும், முக்கியமாக இறக்கை உள்ளவற்றிலிருந்தும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அருளானந்தம்

பி.கு.: புதன்கிழமை காலை. எதையும் தள்ளிப்போடாதே. எனக்கு வைசூரி இல்லை. நேற்று சாயங்காலம் நோணாங்குப்பத்தில் படகு சவாரி போய்விட்டுத் திரும்பும் வழியில் ரொபேரும் ஏவ்லின் அம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள். ரொபேர் நேரே மாதாவிடம் போய் நெற்றியில் சிலுவை போட ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினார். "மோன் தியே! இத இன்னும் சாப்புடலியா?" என்று பெட்டியை எடுத்தார். "ஐயையோ, அந்தோணியாரை யாராவது சாப்புடுவாங்களா?" என்று உன் அக்கா அலறினாள். அது பாலாடைக்கட்டியாம். மடத்துத் துறவிகள் செய்வதாம். பெட்டி கூடத்தின் நடுவில் திறந்தது, பச்சை ஈ அத்தனையும் வந்து இறங்கியது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் ஏவ்லின் அம்மா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவரோட இந்த நாத்தத்துல குடும்பம் நடத்துறேன், இப்பதான் ஒரு வூட்ல இத சாமிகிட்டயே கொண்டுபோய் வெச்சிருக்காங்க! பொண்ணு எங்களுக்குத்தான், சம்பந்தி! கல்யாணத் தேதியச் சொல்லுங்க" என்றார்கள். துடைக்காத டம்ளரில் காப்பியும் குடித்தார்கள். மெரினுக்குப் போன் போட்டேன். ஃபிலிப் அதற்குள் எல்லாம் சொல்லிவிட்டானாம், அவளால் சிரித்து முடியவில்லை.

உள்ளே இருந்ததை ரொபேரே எடுத்துப்போய்விட்டார். காலிப் பெட்டியைச் சின்னப்பாப்பா கேட்டு வாங்கிக்கொண்டார்கள், உண்மையைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. இன்று காலை நம் வீட்டில் ஒரு ஈ இல்லை. ஜன்னலில் பார்த்தால் எதிர்வீட்டில் சின்னப்பாப்பா துண்டைச் சுழற்றிக்கொண்டு அறை அறையாக எதையோ விரட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். முட்டிவலி சுத்தமாகப் போய்விட்டது.