குளவியக்காவும் குடிபாலா பஸ்ஸும்

திருப்பதியில் கொசுவர்த்திச் சுருளைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் அலறுகிற ஒரே மனுஷி குளவியக்காதான்.

நான் திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறிப் போய், திருப்பதியில் ஒரு சின்னப் பூச்சி ஆய்வகத்தில் பேக்கிங் வேலை பார்த்த காலம் அது. பயிரைக் கெடுக்கும் பூச்சிகளை ஒழிக்க அங்கே குளவி வளர்த்தோம். கொட்டுகிற குளவி இல்லை. ஒரு கடுகைப் பத்தாக நறுக்கினால் ஒரு துண்டு எவ்வளவோ, அவ்வளவுதான் ஆள். கரும்பைத் துளைக்கும் புழு எந்த முட்டையிலிருந்து வருமோ, அந்த முட்டைக்குள் இது தன் முட்டையை வைத்துவிடும். புழு பிறக்க வேண்டிய இடத்தில் குளவி பிறக்கும். அப்படிக் குளவி வளரும் முட்டைகளை அட்டையில் ஒட்டி விவசாயிகளுக்குக் கொடுப்போம். வளர்ப்புப் பொறுப்பு முழுக்க நகரி ஊர்க்காரரான அக்காவுடையது. அவருடைய நிஜப்பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் நாளே என்னை வாசலில் நிறுத்தி மோந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, சென்ட்டா?"

"ஆமாக்கா, முதல் நாளாச்சேன்னு..."

"உள்ள என் புள்ளைங்க மூச்சு வுட்டுக்கினு இருக்குது. போய் குளிச்சிட்டு வா."

திருத்தணிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தபோது ஆபீஸைப் பூட்டியிருந்தார்கள்.

தெருவில் கொசுப்புகை வண்டி வந்தால் அக்கா கைகளை விரித்து நடுவில் நின்றுவிடுவார். டிரைவர் தெலுங்கில் கெஞ்சுவார். அக்கா தமிழில் திட்டுவார். வண்டி ரிவர்ஸிலேயே தெருமுனை வரை போகும்.

குடிபாலாவில் ஒரு கரும்பு விவசாயி அக்கா பேச்சை நம்பி மருந்தடிக்காமல் இருந்தார். இரண்டு தடவை அட்டை கட்டியும் குருத்து காய்வது நிற்கவில்லை. "நாளைக்குள்ள அடுத்த அட்டை வரணும்கா. இல்லாட்டி மந்து அடிச்சுடுவேன்" என்று போனில் கெடு வைத்தார். பூச்சிமருந்து அடித்தால் ஏற்கெனவே விட்ட குளவிகளும் சேர்ந்து சாகும்.

மறுநாள் அட்டைகளைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்துக்கொண்டு அக்காவும் நானும் பஸ் ஏறினோம். குளவிகள் அதற்கடுத்த நாள் காலையில்தான் வெளியே வர வேண்டும். அதுவரை அடங்கியிருக்க ஐஸ் வைப்பது என் வேலை. நான் மறந்துவிட்டேன். போதாக்குறைக்கு, பெட்டியை டிரைவர் பக்கத்தில், சூடேறும் என்ஜின் மூடிமேல் வைத்தேன்.

சித்தூர் தாண்டி அக்கா பெட்டியின் மூடியைத் திறந்ததும் மிளகுத்தூள் போல ஒரு புகை கிளம்பியது.

"ஏமம்மா இதி? கொட்டுமா?" என்று கண்டக்டர் சீட்டின்மேல் ஏறினார்.

"மனுசங்கள ஒண்ணும் பண்ணாதுப்பா. முட்டையத்தான் தேடிக்கினு போவும்."

மொத்த பஸ்ஸும் நாலாவது சீட்டுப் பக்கம் திரும்பியது. அங்கே ஒருவர் மடியில் கோழிமுட்டைத் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார். அவர் தட்டுகளைத் துண்டால் போர்த்தி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அது அவருடைய ஊரே இல்லை என்று கண்டக்டர் பிறகு சொன்னார்.

அக்கா பெட்டியை மூடி, முந்தானையால் சுற்றிக்கொண்டு வயலுக்கு ஓடினார். விவசாயி முதுகில் ஸ்பிரேயரோடு தயாராக நின்றார். அக்கா திறந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாதி பறந்துபோச்சு, இதுக்கா நான் காத்துக்கினு இருந்தேன்?"

"மீதி பாதி போதும்ணா."

அட்டைகளைக் கட்டி முடித்த அக்கா, அவர் முதுகிலிருந்த ஸ்பிரேயரைக் கழற்றித் தன் முதுகில் மாட்டிக்கொண்டார். "பதினஞ்சு நாளு இது என்கிட்ட இருக்கட்டும்." அப்படியே பஸ் ஏறித் திருப்பதி வந்து சேர்ந்தார்.

பதினெட்டாம் நாள் அந்த மனிதர் நேரில் வந்தார். "புதுசா ஒரு குருத்துகூட காயலக்கா" என்று சிரித்துவிட்டு, வந்த வேலையை மறந்து வெறுங்கையோடு கிளம்பினார். அக்காதான் கூப்பிட்டு ஸ்பிரேயரைக் கொடுத்தனுப்பினார்.

அதற்கு முன்னால், பஸ் பயணத்துக்கு மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். "ஐஸ் வைக்க மறந்தது யாரு?" என்று மேனேஜர் கேட்டார். என் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"நான்தான் சார், மறந்துட்டேன்" என்றார் அக்கா. அத்தனை வருஷத்தில் ஒரு அட்டையில்கூடத் தேதி தப்பாக எழுதாதவர், தலைகுனிந்து திட்டு வாங்கினார். வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

"மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு நிக்காத. போய் டிபன் துன்னுட்டு வா, வேலை கெடக்குது."

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் யாராவது கேட்டால், நகரியில் ஒரு அக்கா இருக்கிறார் என்றுதான் இன்றும் சொல்கிறேன்.