தண்ணில முக்கிய செய்தி

எங்கள் திருவொற்றியூர்த் தெருவில் மழை பெய்தால்கூட பஞ்சர் அண்ணன் வந்து நனைந்து பார்த்துச் சொன்னால்தான் அது மழை. பஞ்சர் கடை அவருடையது, தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மினும் அவரே. சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்கே மறந்துபோனது.

டியூப்பைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்காமல் ஓட்டை இல்லை என்று சொல்லமாட்டார். செய்திக்கும் அதே சோதனைதான். குரூப்பில் யார் எதைத் தட்டிவிட்டாலும் உடனே அவர் குரல் பதிவு வரும்: "தண்ணில முக்குனியா?"

வண்ணாரப்பேட்டையில் புடவை பாதி விலை என்று ஒருமுறை செய்தி வந்தது. கடையைச் சாத்திவிட்டு மெட்ரோவில் போய், பெண்கள் வரிசையில் நின்று, ஒரு புடவையோடு திரும்பினார். "நியூஸு நெஜம். கலருதான் ஒரே தொவையல்ல பூடும்" என்று பதிவு போட்டார்.

பின்தெருப் பெண் ஒருத்தி யாரையோ கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள் என்று ஒருவர் எழுதியபோது மட்டும் அண்ணன் அதைச் சட்டென்று அழித்துவிட்டார். பொய்யா என்று கேட்டோம்.

"நெஜந்தான். ஆனா அது அவங்க வூட்டு டியூப்பு. நாம இன்னாத்துக்கு முக்கணும்?"

நான் எட்டாவதோடு நின்றவன். பயப்படுவதில் மட்டும் மேல்படிப்பு. மணலி கெமிக்கல் கம்பெனியில் கேஸ் லீக், உடனே காலி செய்யவும் என்று ஒரு காலையில் செய்தி வந்ததும் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். மனைவிக்கு வீசிங். வீட்டில் இருந்தால் கேஸ், ரோட்டுக்கு வந்தால் டேங்கர் லாரிப் புகை. எதை அவள் மூச்சு தாங்கும்? பதற்றத்தில் இன்ஹேலரை விட்டுவிட்டு டிவி ரிமோட்டைப் பையில் போட்டேன்.

தெருவே மூட்டை கட்டிக்கொண்டிருக்க, அண்ணன் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு மொபட்டை மணலிப் பக்கம் திருப்பினார். ஓடிப்போய் மறித்தேன். போன் போட்டுக் கேட்டால் போதாதா என்றேன்.

"போன எடுக்கிறவனுக்கும் வேற எவனாவது சொல்லித்தான் தெரிஞ்சிருக்கும் நைனா. உன் பொண்டாட்டிய ரோட்டுக்கு இட்டுகினு வரச் சொல்றதுன்னா, நான் பாத்துட்டுச் சொல்லணும்ல?"

"நெஜமாவே லீக்கா இருந்தா, உனக்கு இன்னா ஆவும்ணே?"

"நியூஸு கரெக்டா வந்து சேரும்" என்று கிளம்பிவிட்டார்.

பையும் கையுமாக வாசலிலேயே நின்றேன். கடைசியில் குரூப்பில் அவர் குரல் வந்தது. "கம்பெனி கேட்டாண்டதான் கீறேன். வாச்மேன் டீ குடிச்சிகினு கீறான். நாத்தம் கீது, அது டெய்லி கீற நாத்தம். அல்லாரும் உள்ள போங்க."

இப்போதும் அப்படிச் செய்திகள் வரத்தான் செய்கின்றன. உண்மையா பொய்யா என்று தெரு கேட்கும். நான் முதலில் வாசலுக்கு வந்து, அவர் மொபட் கடை முன்னால் நிற்கிறதா என்று எட்டிப் பார்க்கிறேன்.