முட்டையிடாதவர் கல்யாணம்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கதை மெக்சிகோவில் நடக்கிறது. தள்ளி உட்கார்ந்தால் இன்னும் தூரமாகிவிடும்.

ஒரு காட்டில் சிரிலோ, நபோர் என்று இரண்டு ஆண் பஞ்சவர்ணக்கிளிகள் ஒரே மரப்பொந்தில் குடித்தனம் நடத்தின. ஒன்று இரை தேடப் போனால் மற்றது பொந்தைச் சுத்தம் பண்ணும். சண்டை வந்தால் காடே விழித்துக்கொள்ளும். சமாதானமானால்தான் காடு தூங்கும். மற்றபடி யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

இப்படி இருக்கையில் சிரிலோவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. பொந்தோ சிரிலோ பேரில் இருந்தது. அதன் அக்கா மகன் நலம் விசாரிக்க வந்தது. வந்தது மாமன் நெஞ்சைப் பார்க்கவில்லை. பொந்தின் அகலத்தைத்தான் சிறகை விரித்து அளந்து பார்த்தது.

"மாமா, உனக்கு ஒண்ணுன்னா பொந்து எனக்குத்தானே? நபோர் அண்ணன் வேறே மரம் பார்த்துக்கட்டும்."

"அளந்தது போதும்டா," என்று சிரிலோ இருமிக்கொண்டே சொன்னது. "உன் வாய் இதுக்குள்ளே அடங்காது."

பேச்சுக்கு அப்படிச் சொல்லிவிட்டாலும் இரண்டுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. முறைப்படி கல்யாணம் ஆன ஜோடி என்றால் பொந்து நபோருக்கு நிற்கும். இல்லாவிட்டால் இத்தனை காலத்துக் குடித்தனமும் காற்றில் போகும்.

காட்டுச் சபைக்குத் தலைவர் எவாரிஸ்தோ பன்றியார். கல்யாணம் பண்ணி வைப்பதும் அவர்தான். இரண்டும் அவரிடம் போய் நின்றன.

"கல்யாணமா? சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? 'கல்யாணம் என்பது முட்டைக்காக.' உங்களில் யார் முட்டையிடப் போறீங்க?"

பறவைகள் சபையைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் போட்ட சட்டம் அது. பிறகு பன்றிகள் ஜெயித்து வந்தன. கொடியை மாற்றின, நாற்காலியை மாற்றின. சட்டத்தை ஒரு தரம் படித்துப் பார்க்க மட்டும் யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் இந்தச் சட்டம் கிடையாது. அங்கே போனால் அரை நாழியில் கல்யாணம் முடிந்துவிடும். ஆனால் சிரிலோவுக்குக் கிளை விட்டுக் கிளை தாவவே மூச்சு வாங்கியது. ஆற்றை எப்படித் தாண்டும்?

"கொயோட்டியைப் போய்ப் பாரு," என்றது சிரிலோ.

கொயோட்டி என்றால் நம் பக்கத்து நரிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்த நாட்டில், ஆபீஸ் வாசலில் நின்று காரியம் முடித்துக் கொடுக்கிற தரகனுக்கே கொயோட்டி என்றுதான் பேர். பேர் எப்படி வந்தது என்று இந்தக் கொயோட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

"அம்பாரோ வாங்கிடலாம், அண்ணே," என்றது கொயோட்டி.

"அம்பாரியா?" என்றது நபோர். "யானைக்கு எங்கே போறது?"

"அம்பாரி இல்லே, அம்பாரோ! சட்டம் நம்ம மேலே விழாம கோர்ட்டு கொடுக்கிற குடை. பிடிச்சுக்கிட்டா மழை நிக்காது. ஆனா உங்க தலை நனையாது."

நீதிபதி ஆமை. எந்த நாடாய் இருந்தால் என்ன, நீதிபதி ஆமைதான். வழக்கைக் கேட்டது. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு யோசித்தது. மழைக்காலம் வந்து போன பிறகு தலையை வெளியே நீட்டியது.

"இந்தச் சட்டம் தப்பு."

"அப்பாடா," என்றது நபோர்.

"உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தப்பு. மத்தவங்களுக்குச் சரி. குடை உங்களுக்கு. அடுத்தது யாரு?"

குடை கிடைத்த சந்தோஷத்தில் கிளிகள் பன்றியாரிடம் போயின. கொயோட்டியும் கூடவே போயிற்று. அப்போது பன்றியார் மனைவி பெத்ரா அம்மாளோடு உட்கார்ந்து கிழங்கு தின்றுகொண்டிருந்தார்.

"கோர்ட்டு என்ன வேணா சொல்லட்டும்," என்றார் பன்றியார். "முட்டை இல்லாம என் கையால ஒரு கல்யாணம் நடக்காது."

"தலைவர் சொன்னா சரிதான்," என்று கொயோட்டி பணிவாகக் கும்பிட்டது. "அம்மா இதுவரைக்கும் எத்தனை முட்டை போட்டிருக்காங்க?"

பன்றியார் வாயில் இருந்த கிழங்கு அப்படியே நின்றது.

"என்னது?" என்றார் பெத்ரா அம்மாள்.

"இல்லேம்மா, நீங்க குட்டிதானே போட்டீங்க. முட்டை இல்லேன்னா கல்யாணம் இல்லேன்னு ஐயாவே இப்பத்தான் சொன்னார். அப்போ நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு நாளா… எப்படிச் சொல்றது…"

"சொல்லாதே!" என்று பன்றியார் அலறினார்.

பெத்ரா அம்மாள் எழுந்து நின்றார். "ஊரைக் கூட்டிப் பந்தல் போட்டுக் கட்டிக்கிட்டு, இப்ப நான் சேர்த்துக்கிட்டவளா? எங்க அண்ணன் தம்பிங்க காதுக்கு இது போறதுக்குள்ளே முதல்ல இவங்களுக்குக் கட்டி வை. அப்புறம் ஓடிப்போய் வரிசையில நில்லு. நமக்கும் ஒரு குடை வாங்கிட்டு வா!"

கல்யாணம் அங்கேயே, கிழங்குத் தட்டுக்கு எதிரிலேயே நடந்தது. அக்கா மகன் கிளி சேதி கேட்டு, அளந்த சிறகை மடக்கிக்கொண்டு போயிற்று. நிம்மதி வந்ததாலோ என்னவோ, சிரிலோவுக்குச் சளியும் இளகியது.

கோர்ட்டு வாசலில்தான் கூத்து. குட்டி போடுகிற சாதி மொத்தமும் வந்துவிட்டது. முயல் வந்தது, மான் வந்தது, குரங்கு மாமியாரோடு வந்தது. ஆமை எல்லாரையும் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பன்றியாருக்குப் பொறுக்கவில்லை. சபையைக் கூட்டினார்.

"சட்டத்தில் இருந்து முட்டையை எடுத்துடணும்!"

"முட்டையை எடுத்தா சட்டம் மொட்டையா நிக்குமே, தலைவரே," என்றது கொயோட்டி. "அந்த இடத்தில் கௌரவமா ஒரு வார்த்தை போடலாம். 'கல்யாணம் என்பது பாலுக்காக.' அம்மாவுக்கும் மரியாதையா இருக்கும்."

சபையில் பன்றிகள்தான் அதிகம். கைதட்டலில் கிளை முறிந்தது.

நபோர் பதறிப்போய்க் கொயோட்டியை ஓரமாக இழுத்தது. "ஏம்பா, பறவைக்கு ஏது பாலு?"

"உங்க தலைக்கு மேலேதான் குடை இருக்கே, அண்ணே."

"நான் என்னைச் சொல்லலே. மத்த பறவைங்க?"

"அவங்களைத்தான் நானும் நினைச்சேன்," என்றது கொயோட்டி.

மறுநாள் விடிந்ததும் கொயோட்டி தன் குகை வாசலில் கிடந்த உட்காரும் பலகையை இழுத்து, பறவைகள் வந்து இறங்குகிற பக்கமாகத் திருப்பிப் போட்டது. முதலில் வந்து இறங்கிய மரங்கொத்தித் தம்பதியைப் பார்த்து, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அன்பாகக் கேட்டது:

"வாங்க, வாங்க. பால் விஷயமா?"

நீதி: தப்பான சட்டத்தைத் திருத்தும்போது, அடுத்தவன் பிழைப்புக்கென்று ஒரு தப்பையாவது மிச்சம் வைக்க வேண்டும்.