ஸஹ்றாவுக்கு வந்த தோஹாக் கடிதம்

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பின் மச்சான் றிம்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு வருடமாகப் போனும் இல்லை, பேச்சும் இல்லை என்பதால் நம்பிக்கை மட்டும்தான் கைவசம். உங்கள் மனைவி ஸுஹைறாவின் கூடப்பிறந்த காக்கா என்ற முறையில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

உங்கள் மகள் ஸஹ்றாவின் வகுப்பில், ஆளுக்கொரு கடிதம் எழுதி முத்திரை ஒட்டித் தபாலில் போடச் சொன்னார் டீச்சர். பதில் வரும் சந்தோசம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டுமாம். நிந்தவூர் மாமிக்கு எழுதிய ஒரு பிள்ளைக்கு மூன்றாம் நாளே பதில் வந்தது. ஸஹ்றா தோஹாவிலிருக்கும் உங்களுக்கு எழுதினாள். ஒன்றரை மாதம் தினமும் தபாலைப் பார்த்து வாசற் படலையில் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுத் தபாற்காரர் ஷரிபுதீன் அடுத்த வீதியால் சுற்றிப் போகத் தொடங்க, எங்கள் வீதிக்கே தபால் நின்றுபோய், மின்சாரப் பில் கிடைக்காத பக்கத்து வீட்டாரின் கரண்டையும் வெட்டிவிட்டார்கள்.

பொறுக்க முடியாமல் நானே உங்கள் பெயரில் பதில் எழுதினேன். உங்கள் பழைய உறையொன்றின் கத்தார் முத்திரையை ஆவி காட்டி உரித்து ஒட்டினேன். ஷரிபுதீனும் பாவத்தில் பங்கெடுத்து, மணியடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளை துள்ளிய துள்ளலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை எல்லாம் சரிதான். ஆனால் நான் சவூதியில் எழுதத் தெரியாத எட்டுப் பேருக்கு ஒன்பது வருடம் கடிதம் எழுதிக் கொடுத்தவன் அல்லவா, கை பழகிவிட்டது. எல்லாக் கடிதத்தையும் முடிப்பதுபோலவே, "இன்ஷா அல்லாஹ், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நேரில் காண்போம்" என்று எழுதித் தொலைத்துவிட்டேன். ஸஹ்றா அதைச் சத்தமாக வாசிக்க, குசினியில் சமைத்துக்கொண்டிருந்த ஸுஹைறா எட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. சுவருக்குப் பெயின்ட் அடித்துவிட்டாள். உங்கள் சாரன்களையெல்லாம் கழுவி மடித்துவிட்டாள். "காக்கா, அவருக்குச் சோத்துக்கு மீன்தல ஆணம்தான் புடிக்கும். பெரிய தலயா ஒண்டு இப்பவே சொல்லி வைங்க" என்கிறாள். பெருநாளைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது மச்சான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் சிரிப்பதைக் காண எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே தயவுசெய்து வாருங்கள். அங்கே உங்களுக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாகச் சந்தையில் கதைக்கிறார்கள். இருந்தால் இருக்கட்டும். இரண்டு நாள் வந்து அந்த மீன்தலையைத் தின்றுவிட்டுப் போங்கள்.

உங்கள் ஈமானுக்கும் சரீர சுகத்துக்கும் துஆச் செய்யும்,
மைத்துனன் முஸ்தாக்.

பி.கு.: விலாசம் எழுதும்போது ஸஹ்றா பக்கத்தில் வந்து நின்றாள். "வாப்பாவ வரச் சொல்லியா எழுதுறீங்க? உடுங்க மாமா. போன கடிதமும் நீங்கதான் எழுதின எண்டு எனக்குத் தெரியும். இன்னொண்டு எழுதுங்க. வாப்பாக்கு லீவு குடுக்கல்லயாம், வரமாட்டாராம் எண்டு போடுங்க. உம்மா பாவம்" என்றாள். பிறகு பேனையை என் கையில் தந்து, "இந்த முற உம்மாவையும் சுகம் கேட்டு எழுதுங்க. போன கடிதத்தில அவட பேரே இல்ல" என்றாள். ஆகவே மச்சான், நீங்கள் வரவேண்டாம். உங்கள் கடிதத்தை நானே எழுதிக்கொள்கிறேன்.