காற்றிலிருந்து நான் எடுத்த சாராயம்

“…அப்படின்னா, நீயே ஊத்தினதைத்தான் நீயே கண்டுபிடிச்சிருக்கே?” என்றார் மாமா, விரல் நுனியில் ரசம் சொட்ட.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, ஞாயிறு மதியம். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் என் தாய்மாமா, என் வெற்றியைக் கொண்டாடச் சொந்தக்காரர்களைத் திரட்டி வந்திருந்தார். (அந்த வெற்றி காலையிலேயே செத்துப்போயிருந்தது.)

என் ஆராய்ச்சி இதுதான்: செம்பையும் கரிமப் பொருளையும் இணைத்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைந்த நீலத் தூள் ஒன்றைச் செய்வது, அதில் மின்சாரம் பாய்ச்சிக் கரியமில வாயுவை உருப்படியான பொருளாக மாற்றுவது. வருஷக்கணக்கில் அது எதையும் மாற்றவில்லை, என் முகக்களையைத் தவிர. திங்கட்கிழமை கமிட்டி. ரிசல்ட் காட்டாவிட்டால் உதவித்தொகை நிற்கும், பிஎச்டியும் அதோடு போகும்.

அந்த வாரம் பார்த்துக் கருவி எத்தனால் காட்டியது. சாராயத்தில் இருக்கும் அதே எத்தனால்! மறுபடி சரிபார்க்க வேண்டாமா? மேதை நான், மாமாவுக்கு ஃபோன் போட்டேன். “புகையிலேருந்து சாராயம் எடுக்குதுலா எங்க பொண்ணு” என்று லோரி யார்டு முழுக்கப் பரப்பிவிட்டார்.

சனிக்கிழமை என் பேராசிரியை கேட்டார்: “கேஸ் இல்லாம ஓட்டிப் பாத்தீங்களா?”

ஞாயிறு காலை கரியமில வாயுவை மூடிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் எத்தனால் வந்தது, முன்பைவிடக் குஷியாக! தூளைக் கடைசியில் எத்தனாலில்தான் கழுவுவோம். பிறகு பொறுமையாகக் காயவைக்க வேண்டும். எனக்கு ஏது பொறுமை? ஓட்டைகளுக்குள் உட்கார்ந்திருந்தது நான் ஊற்றிய சரக்கேதான்.

(மறுநாள் கமிட்டி முகம் சுளித்துக்கொண்டே ஆறு மாத அவகாசம் தந்தது. வீட்டில்தான் மன்னிப்பே இல்லை. தம்பிக்குச் சம்பளம் கூடினாலும், அத்தைக்குச் சர்க்கரை குறைந்தாலும் முதல் கேள்வி, “கேஸ் இல்லாம பாத்தியா?”)

ஆனால் அந்த மேசையில் எனக்கு அழுகைதான் முட்டியது.

“ஆமா மாமா. நாளைக்குக் கமிட்டிகிட்டயும் இதைத்தான் சொல்லணும்.”

“போச்சுலா!” என்றார் அத்தை.

மாமா கையைக் கழுவிவிட்டுக் கார் பக்கம் போனார். திரும்பி வரும்போது தோளில் ஒரு கறுப்புக் குப்பைப் பை, பலூன்போல உப்பி, வாய் இறுகக் கட்டி. என் ஆராய்ச்சிக்காகக் காலையில் பிடித்து வைத்த லோரிப் புகையாம். அதை என் பக்கத்து நாற்காலியில் பத்திரமாக உட்காரவைத்துவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.